உருவாக்கியவர்: ஜெகதீஷ்

எடைமணி சாஃப்ட்வேர்ஸ் கம்பெனியில் நிழலில் வண்டி நிறுத்தும் உரிமை ஏழு பேருக்குத்தான் இருந்தது. அந்த ஏழாவது ஆள் ஐந்து வருடமாக ஆபீசுக்கே வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதைத் தாங்குகிற ஏழு தூண்களில் மஞ்சள் பெயின்டில் ஏழு பெயர்கள். ஆறு பெயர்கள் மேனேஜர்களுடையவை. ஏழாவது தூணில் 'ஜெகதீஷ்' என்று எழுதியிருந்தது. வருடாவருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அந்தப் பெயருக்கும் சேர்த்தே புதுப் பெயின்ட் அடித்தார்கள்.

ரூபஸின் பைக் வெயிலில் நின்றது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாலு வருடமும் அங்கேதான் நின்றது. சாயங்காலம் கிளம்பும்போது சீட்டில் கைக்குட்டையை விரிப்பான். அதன்மேல் சாப்பாட்டுப் பையை மடித்துப் போடுவான். அப்படியும் பாடி மேம்பாலம் தாண்டுகிற வரைக்கும் பாதி எழுந்து நின்றபடிதான் ஓட்ட முடியும். ஒருநாள் மனசு கேட்காமல் வாட்ச்மேன் முனியனிடம் போனான்.

"அண்ணாத்தே, ஏழாம் நம்பர் சும்மாத்தானே கீது. என் வண்டிய உட்டுக்கட்டா?"

"பேர் எழுதிக்கீது நைனா."

"ஆளு வர்றதில்லியே."

"பேர் கீற எடத்துக்கு ஆளு எதுக்கு?" என்றுவிட்டு முனியன் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ரூபஸுக்குப் பொறாமை புதிதல்ல. தெருவில் யார் வீட்டுக்கு மாடி எழும்பினாலும் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் முகம் தெரிந்த ஆளாக இருந்தால் ஒரு வசதி உண்டு. அவன் பல் வரிசை சரியில்லை, பேச்சு சரியில்லை என்று ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஜெகதீஷை ரூபஸ் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளிடம் குறை கண்டுபிடிப்பது எப்படி? அந்தப் பொறாமை ஆற இடமில்லாமல் அப்படியே உள்ளே கிடந்து வெந்தது.

ஜெகதீஷ் பெரியவனான கதை இதுதான்.

எடைமணி கம்பெனி லாரி எடைமேடைகளுக்கு ஜாவா என்ற கணினி மொழியில் சாஃப்ட்வேர் செய்து விற்கிறது. ஜாவாவில் எழுதும் நிரல்களை மூட்டைகளாகக் கட்டி வைப்பார்கள். மூட்டைக்குப் பெயர் பேக்கேஜ். ஒவ்வொரு மூட்டையோடும் சின்னதாக ஒரு விவரக் கோப்பு ஒட்டிக்கொண்டு போகும். மூட்டையின் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, உருவாக்கியவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த விவரங்களுக்குப் பெயர் மெட்டாடேட்டா. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளிருந்தே இந்த விவரங்களைக் கேட்டு வாங்கலாம். கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லும். எழுதாவிட்டால் ஒன்றும் சொல்லாது. எழுதியது உண்மையா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

எடைமணியில் யாரும் புது பேக்கேஜைப் புதிதாகத் தொடங்கியதில்லை. பழைய ஃபோல்டர் ஒன்றை அப்படியே காப்பி எடுப்பார்கள். உள்ளே இருப்பதை அழிப்பார்கள். தங்கள் நிரலை எழுதுவார்கள். அந்த விவரக் கோப்பை மட்டும் தொட மாட்டார்கள். முன்பு ஒருமுறை தமிழரசு என்பவன் அந்தக் கோப்பின் கடைசியில் அனாவசியமாக ஒரு வெற்று வரி கிடக்கிறதே என்று அழித்தான். மறுநாள் காலை பதினோரு எடைமேடைகளில் சாஃப்ட்வேர் எழுந்திருக்கவில்லை. லாரிகள் கரையான்சாவடி வரைக்கும் வரிசை கட்டி நின்றன. அதிலிருந்து அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் போகும்போதே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அதன் நடுவில் இருந்த ஒரு வரி, 'உருவாக்கியவர்: ஜெகதீஷ்', காப்பிக்குக் காப்பி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லாமல்தான் இருந்தது, மூன்று வருடம் முன்பு 'மெட்டாடேட்டா ஆளுமைக் குழு' என்று ஒன்றை ஆரம்பிக்கும் வரைக்கும்.

குழுவின் தலைவர் ஹேமநாதன். அதற்கு முன்னால் கேன்டீன் டோக்கன்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஜாவா தெரியாது. நடுநிலைமைக்கு அதுவே நல்லது என்று நிர்வாகம் நினைத்தது. அவர் முதல் காரியமாக எல்லா விவரக் கோப்புகளையும் பூட்டினார். காப்பி எடுக்கலாம், திருத்தக் கூடாது. பிறகு எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, நாற்பத்தொரு பேக்கேஜ்களிடமும் உன்னை உருவாக்கியவர் யார் என்று கேட்கும் ஒரு நிரலைத் திரையில் ஓடவிட்டார். முப்பத்தெட்டு பேக்கேஜ்கள் ஜெகதீஷ் என்றன. மூன்று வாய் திறக்கவில்லை.

"மனிதர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்," என்றார் ஹேமநாதன். "ஆகவே இந்தக் குழு மனிதர்களைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. பேக்கேஜ் பொய் சொல்லாது. அதற்கு இன்க்ரிமென்ட் ஆசை கிடையாது. பதில் சொல்லாத இந்த மூன்றும் சுயம்பு. இவற்றில் இனி யாரும் கை வைக்க வேண்டாம்."

அந்த மூன்றில் ஒன்றில் பெரிய பிழை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வருடம் ஆண்டின் சிறந்த உருவாக்குநர் விருது ஜெகதீஷுக்கு. ஆள் வராததால் பொன்னாடையை ஒரு காலி நாற்காலிக்குப் போர்த்தினார்கள், கொட்டகையின் ஏழாவது தூணில் பெயரையும் எழுதினார்கள். "விருது வாங்கக்கூட வராமல் எங்கோ உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். இவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்," என்றார் ஹேமநாதன். அடுத்த வருடமும் அதே நாற்காலிக்கு அதே மரியாதை. மூன்றாம் வருடம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, தலை சாய்க்க வசதியுள்ள ஒன்றை வாங்கிப் போட்டார்கள். ரூபஸின் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை.

இதையெல்லாம் அவன் வயிறு எரிந்தபடி கைதட்டிக் கடந்திருப்பான். ஜூன் மாதம் வந்த சுற்றறிக்கையைத்தான் கடக்க முடியவில்லை. தன் பெயரில் ஒரு பேக்கேஜாவது இல்லாத ஒப்பந்த ஊழியரின் ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடியும். பெயரில் பேக்கேஜ் இருந்தால் நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. நிரல் எழுதுகிறவர்களில் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது ரூபஸ் ஒருவன்தான்.

"இன்னா மாமே, உனக்காகவே அடிச்ச மாதிரி கீது," என்றான் தமிழரசு டீக்கடையில். அவன் நிரந்தரம்.

"நான் எழுதுன பேக்கேஜ் எரநூறு எடைமேடைல ஓடுது."

"ஓடுது. யார் பேர்ல ஓடுது?"

ரூபஸ் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

அவன் பேக்கேஜ் சாதாரணமானது இல்லை. லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை எண் அடங்காது. டிரைவர் கதவைத் திறப்பார், கிளீனர் குதிப்பான், தார்ப்பாயில் காற்று அடிக்கும், எண் ஆடிக்கொண்டே இருக்கும். எந்த நொடியில் அதைப் பிடிப்பது என்பதுதான் தொழில். சென்னீர்குப்பத்தில் ஒரு எடைமேடையில் நாலு மாதம் வெயிலில் நின்று, ஆடும் எண்களைப் பார்த்துப் பார்த்து அதை எழுதினான். அதற்குப் பின் எடைச் சண்டைகள் பாதியாகக் குறைந்தன. அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதுவும் ஜெகதீஷ் செய்தது.

ஹேமநாதன் அறைக்குப் போனான்.

"சார், அந்த எடை பேக்கேஜ் நான் எழுதுனது."

ஹேமநாதன் கணினியில் கேட்டுப் பார்த்தார். "ஜெகதீஷ்னு சொல்லுதே."

"காப்பி எடுத்ததுல வந்த பேர் சார் அது. உள்ள ஒவ்வொரு வரியும் நான் போட்டது. எந்த வரிய வேணா கேளுங்க, சொல்றேன்."

கேட்கச் சொல்லி அவனே ஒரு வரியைக் காட்டினான், அவனே விளக்கினான். ஹேமநாதன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு இதைப் பத்தி நல்லாத் தெரியுது. நான் மறுக்கல," என்றார். "எங்க அப்பாவைப் பத்தி எனக்கு எல்லாமே தெரியும். அதுக்காக அவரை நான்தான் பெத்தேன்னு சொல்ல முடியுமா, ரூபஸ்?"

ரூபஸ் அதை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தான்.

"சரி சார். கோப்பைத் திறந்து விடுங்க, பேரை மாத்திடறேன்."

"தாராளமா. படிவம் நாலு. உருவாக்கியவர் மாற்றத்துக்கு உருவாக்கியவரோட சம்மதக் கையெழுத்து வேணும்."

"உருவாக்கியவர் நான்தானே சார்."

"அது இந்தப் படிவம் பாஸ் ஆன பிறகு."

ஜெகதீஷ் எங்கே இருக்கிறான் என்று தமிழரசுக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரூபஸ் ஆவடி வழியாக வெள்ளானூருக்குப் போனான். ஏரி போல விரிந்து கிடந்த ஒரு பொட்டலில் கலர் கொடிகள் நட்டு, கற்கள் ஊன்றி, மனை பிரித்திருந்தார்கள். நடுவில் பெரிய குடை. குடைக்குக் கீழே ஒருவன் வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். தொப்பை இருக்கும் என்று நம்பி வந்திருந்தான் ரூபஸ். இல்லை. பல் வரிசையும் நன்றாக இருந்தது.

"வாங்க, வாங்க. கிழக்கு பாத்த மனை ரெண்டே ரெண்டுதான் கீது," என்றான் ஜெகதீஷ்.

ரூபஸ் விஷயத்தைச் சொன்னான்.

"எடைமணியா? அந்த கம்பெனி இன்னும் ஓடுதா?"

"நீ எழுதுன முப்பத்தெட்டு பேக்கேஜாலதான் ஓடுதுன்னு சொல்லிக்கினு கீறாங்க."

"நானா? மச்சான், நான் அங்க இருந்ததே ஏழு மாசம். சேர்ந்த முத நாள் ட்ரெய்னிங்ல அந்தக் கோப்பைக் காட்டி, உன் பேர எழுதிப் பழகுன்னாங்க. எழுதுனேன். அப்பால ஒரு வேலையும் குடுக்கல. உக்காந்து உக்காந்து முதுகு வலி வந்துச்சு, வந்துட்டேன்."

"மூணு வருஷமா உனக்கு அவார்டு குடுக்கறாங்க."

"இன்னாது?"

"பொன்னாடை. தலை சாய்க்கற மாதிரி நாற்காலி. நெழல்ல பார்க்கிங்."

ஜெகதீஷ் குடைக்கு வெளியே திரும்பிப் பார்த்தான். அவன் வண்டியும் பொட்டலில் வெயிலில்தான் நின்றது.

"தெரியாத்தனமா உட்டுட்டு வந்துட்டனே," என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் ரூபஸின் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. ஜெகதீஷ் மனை வரைபடத்தின் மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "எதுக்கும் அந்த கெழக்கு மனைய ஒரு தபா பாத்துட்டுப் போ," என்றான்.

தேதி இருபத்தேழு. ஹேமநாதன் கையெழுத்தை உற்றுப் பார்த்தார்.

"ஊழியர் எண் போடலியே?"

"அவரு வேலைய உட்டு அஞ்சு வருஷம் ஆவுது சார்."

ஹேமநாதன் அதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறார் என்பது ரூபஸுக்குப் புரிந்தது. மனிதர் உடைந்துவிடுவார் என்று பயந்தான். ஹேமநாதன் மெல்ல நிமிர்ந்தார்.

"வேலையை விட்ட பிறகும் இவ்வளவு செஞ்சிருக்காரா?" என்றார். கையெழுத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஊழியர் அல்லாதவரின் கையெழுத்து செல்லாது என்று எழுதி, படிவத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினார்.

மனிதவளத்தில் சாமுண்டீஸ்வரி இருந்தார். எடைமணியில் வேலை நடக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரே அதிகாரி அவர்தான். பேக்கேஜின் விவரக் கோப்பையும் ஊழியர் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, ஜெகதீஷ் மெட்டாடேட்டாவுல இருக்காரு, ரெக்கார்டுல ஆள் இல்ல. நீங்க ரெக்கார்டுல இருக்கீங்க, மெட்டாடேட்டாவுல இல்ல. ரெண்டு பக்கமும் குறை."

"ஆமா மேடம்."

"பேக்கேஜ்ல பேர் மாத்த மூணு குழு, பதினோரு கையெழுத்து. அடுத்த ஏப்ரல் ஆயிடும். உங்களுக்கு மூணு நாள்தான் இருக்கு. ஆனா ஊழியர் பேர் மாத்த ஒரே ஒரு ஃபாரம். என் கையெழுத்து போதும்."

"யார் பேரை மாத்தறது மேடம்?"

"உங்க பேரைத்தான்."

ரூபஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"ஜெகதீஷ்னு ஒரு எடம் நிரந்தரமா காலியா இருக்கு. முப்பத்தெட்டு பேக்கேஜ் அவர் பேர்ல இருக்கு. அதுல ஒண்ணு உங்களுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நீங்க ஜெகதீஷா இருக்கறதுல என்ன கஷ்டம்?"

அவன் அம்மா ஞானகுமாரி அன்று சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல மட்டுந்தாம்மா. ஊட்ல நான் ரூபஸ்தான்."

"ஞானஸ்நானத்துல வச்ச பேருடா அது."

"வேல நெரந்தரம் ஆவும்மா. தெருவுல எல்லாத்துக்கும் நெரந்தரம். எனக்கு மட்டுந்தான் இல்ல."

"ஆபீஸ்ல மட்டும்னா, காலைல எட்டு மணிலேர்ந்து ராத்திரி எட்டு மணி வரிக்கும் அங்கதானே கீற," என்றாள் ஞானகுமாரி. "ரூபஸா இருக்கறது எப்ப? தூங்க சொல்லவா?"

அவன் இருபத்தொன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டான்.

முப்பதாம் தேதி, தன் பெயரில் ஒரு பேக்கேஜும் இல்லாத ரூபஸின் ஒப்பந்தம் விதிப்படி முடிந்தது. அதற்காகப் பிரிவுபசார விழா வைத்தார்கள். கேக்கின் மேல் 'போய் வா ரூபஸ்' என்று எழுதியிருந்தது. புது ஜெகதீஷும் ஒரு துண்டு சாப்பிட்டான். கூட வேலை செய்தவர் என்ற முறையில் ரூபஸைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி ஹேமநாதன் அவனையே கேட்டுக்கொண்டார். அவன் எழுந்து நின்றான்.

"நல்ல பையன்," என்றான்.

"சும்மா சொல்லாத மாமே. எப்பப் பாத்தாலும் அடுத்தவனப் பாத்து வயிறு எரிவான்," என்றான் தமிழரசு. எல்லோரும் சிரித்தார்கள். விழா நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் அவன் பைக்கை ஏழாம் தூணின் கீழே நிறுத்தினான். முனியன் எழுந்து நின்று சலாம் வைத்தார். "அஞ்சு வருஷம் லீவு போட்டாலும் ஆளு அப்படியே கீறீங்க சார்," என்றார். சாயங்காலம் சீட்டு குளிர்ந்திருந்தது. பாடி வரைக்கும் நன்றாக உட்கார்ந்து ஓட்டினான். தலை சாய்க்கும் நாற்காலியில் முதல் வாரம் முழுக்கத் தலையைச் சாய்த்தே வேலை பார்த்தான். விருது விழாவில் ஜெகதீஷ் என்று கூப்பிட்டபோது மட்டும் ஒரு தவறு நடந்தது. அவன் எழுந்திருக்காமல் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். வயிறும் எரிந்தது. மூன்று வருடப் பழக்கம் அல்லவா. தமிழரசு இடித்த பிறகுதான் மேடைக்குப் போனான்.

ரூபஸ் இருந்த இடத்துக்கு லாவண்யா என்ற பெண்ணை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். புது லாகின் கொடுக்க நாலைந்து மாதம் ஆகும் என்பதால் ரூபஸின் லாகினையே கொடுத்தார்கள். சக்கரம் இல்லாத நாற்காலியையும் கொடுத்தார்கள்.

ஹேமநாதனும் சும்மா இருக்கவில்லை. படிவம் நாலில் நடந்த குழப்பத்திலிருந்து பாடம் கற்றதாக அறிவித்தார். இனிமேல் விவரக் கோப்பில் மனிதக் கை படாது, யார் லாகினில் எழுதப்படுகிறதோ அவர் பெயரை இயந்திரமே எழுதிக்கொள்ளும். அந்த முறைக்குப் பிறகு முதலாவதாக வந்த பேக்கேஜ், மழைக்காலத்தில் தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரின் எடையைக் கழிப்பது. மிக அழகான வேலை. ஆடும் எண்ணைப் பிடிப்பதைவிடக் கடினமானது. ஜெகதீஷ் அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். தனக்கு இது தோன்றியிருக்காது என்று அவனுக்கே தெரிந்தது.

ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்துத் திரையில் கேட்டுக் காட்டினார்கள். திரை பதில் சொன்னது: 'உருவாக்கியவர்: ரூபஸ்.'

"இந்தக் கம்பெனியின் வரலாற்றில் முழு உண்மையைச் சொன்ன முதல் பேக்கேஜ்," என்றார் ஹேமநாதன். அவர் கண் கலங்கியிருந்தது.

கொட்டகைக்கு ஒரு தகரம் கூடப் போட்டு எட்டாவது தூண் நட்டார்கள். பெயின்டர் 'ரூபஸ்' என்று எழுதியபோது ஜெகதீஷ் தன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருடம் இந்த ஒரு பெயரை எங்காவது எழுதிப் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கியவன். ஏழாம் தூணின் பெயரை இரண்டு கோட்டிங்கில் முடித்தவர்கள் அதற்கு மூன்று அடித்தார்கள். எட்டாம் தூணுக்குக் காலை வெயிலும் படாது, மாலை வெயிலும் படாது. ஏழாம் தூணுக்கு நாலு மணிக்குமேல் பக்கவாட்டில் வெயில் வரும். இத்தனை நாள் அவன் அதைக் கவனித்திருக்கவில்லை.

லாவண்யா வெளியே வந்தாள். வெயிலில் நின்ற தன் ஸ்கூட்டி சீட்டின் மேல் துப்பட்டாவை மடித்துப் போட்டாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

"அது நான் எழுதுன பேக்கேஜ் சார்," என்றாள். "பேரு மட்டும் எவனோ ரூபஸாம். ஆளு ஆபீசுக்கே வர்றதில்லியாமே. நெழல்ல எடம் வேற. அந்தாள நெனச்சாலே பத்திக்கினு வருது. நீங்க பாத்துக்கீறீங்களா அவர?"

"பாத்துக்கீறேன்," என்றான் ஜெகதீஷ். பெயின்ட் இன்னும் காயவில்லை. "பெருசா ஒண்ணுமில்லாத ஆளு. அவனுக்கு வந்த வாழ்வப் பாரு."